இந்த வாசல்ல என் டயர் படாது

என் வீட்டுக்காரர் தினேஸ்வரனுக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவள் வெள்ளை நிற புரோட்டோன் சாகா கார், இளையவள் நான். இப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். காரை வாங்குவதற்கு மூன்று வருஷம் முன்பே உன்னைக் கட்டிக்கொண்டேனே என்று தேதியோடு சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்ததும் யார் முகத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

மலாக்கா டவுனுக்கு வெளியே, பத்து பெரண்டாம் பக்கம், புதிதாகக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் நாங்கள் குடியிருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் கார் நிறுத்த ஒரு போர்ச். ஞாயிறு காலை ஏழு மணி ஆனால் போதும், தெரு முழுக்க ஆண்பிள்ளைகள் அரைக்கால் சிலுவாரோடு ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கால்வாயில் நுரை ஓடும். வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொள்கிற ஆசாமிகள் எல்லாம் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தேய்ப்பார்கள். பக்கத்து வீட்டு நவரட்ணம் சார் அவர்களுக்கெல்லாம் ராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மோரிஸ் மைனர் காருக்கு என்னைவிட வயது அதிகம். அதன் சக்கரங்களைப் பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நம் காரைத் துடைத்து முடித்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு வெறி. இரண்டு பேரும் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் சுப்பன், புலாவ் செபாங் ஊரில் ஒரு துரையின் காரைக் கழுவியே வயதானவர். முப்பது வருஷம் கழுவினார். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வாங்கவில்லை. அவர் பிள்ளை தன் சம்பளத்தில் வாங்கிய காரைத் தானே கழுவுகிறபோது அந்த முகத்தில் வருகிற பூரிப்பைப் பார்த்தால் எனக்கே சில சமயம் கண் கலங்கும். அப்புறம் அவர் சகதித் துணியைக் கொண்டுவந்து என் சமையலறைத் தொட்டியில் போடுவார். கலங்கிய கண் உடனே சரியாகிவிடும்.

நான் பிறந்து வளர்ந்தது ரெம்பியாவைத் தாண்டி, புக்கிட் மெரந்தி ரப்பர் தோட்டத்தில். அங்கே என் அண்ணன் அங்கமுத்துவிடம் ஒரு பழைய டட்சன் வேன் இருந்தது. விடியற்காலையில் பால்மரம் வெட்டுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவார். அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிள்ளைகளை இறக்கிவிட்டால் வாழைத்தார், ஆடு, யார் வீட்டுக் கட்டிலோ, எது வந்தாலும் ஏற்றுவார். ஆயுதபூசை அன்றைக்கு முன் கண்ணாடியை மட்டும் துடைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஓட்டினால் அந்த வருஷத்துக் கழுவல் முடிந்தது. ஏன் அண்ணே இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"வண்டி குளிக்கறதுக்கா வாங்குனேன்? ஓடறதுக்கு வாங்குனேன்லா. சேறு இருந்தாத்தான் வண்டி வேல செய்யுதுன்னு அர்த்தம். சுத்தமா ஒரு காடி தோட்டத்துக்குள்ள நொழைஞ்சா, ஒண்ணு மேனேஜரு, இல்லன்னா பொண்ணு பாக்க வர்றவங்க."

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

எண்பத்தொன்பதில் புது வீடு குடிபுகுந்தோம். என் மகள் தாரணிக்கு அப்போது ஒரு வயது. அண்ணன் வேன் நிறைய சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே வந்துவிட்டார். பூசை முடிந்ததும் குழந்தை சந்தனக் கிண்ணத்தில் இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் விட்டு அளைந்தாள். பிறகு, மாமா வேனில் போகவேண்டும் என்று கையை நீட்டி அழுதாள். "வாடி என் மருமவளே" என்று அண்ணன் தூக்கிக்கொண்டு போனார். தாமானின் பின்பக்கம் அப்போது இன்னும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் இரவு நல்ல மழை. அந்தப் பாதை முழுக்க செம்மண் சேறு. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவர், தூறல் போடுகிறதே, குழந்தை நனைந்துவிடுவாளே என்று வேனை நேராகப் போர்ச்சுக்குள் ஏற்றி நிறுத்தினார்.

போர்ச்சில் பாலேடு நிறத்தில் புது டைல்ஸ். என் வீட்டுக்காரர் மூன்று கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தது.

அண்ணன் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, பின்கதவைத் திறந்து சீர்த்தட்டை எடுக்கக் குனிந்தார். அதற்குள் இவர் குழாயைத் திறந்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அதை நான் கற்பூரம் அடித்துச் சொல்வேன். மூளைக்குச் சேதி போகும் முன்பே கை வேலை செய்துவிட்டது. டயரில் அடித்த தண்ணீர் சேற்றோடு சேர்ந்து என் அண்ணனின் காலையும் புது வேட்டியையும் நனைத்தது.

ஒரு மனிதர் வாசலைக் கடந்த கையோடு அந்த வாசலை எப்போது கழுவுவார்கள்? பிணத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகு. விருந்தாளி கிளம்பிப் போனால்கூட, அவர்கள் வீடு போய்ச் சேரும் வரைக்கும் நாம் விளக்குமாற்றைத் தொடமாட்டோம். இங்கே மனிதர் கையில் சீர்த்தட்டோடு நிற்கிறார், நாலு பக்கமும் தண்ணீர் ஓடுகிறது.

அண்ணன் தட்டை மெல்லக் கீழே வைத்தார். "மாப்ள, நான் இன்னும் சாகல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பவானி, இந்த வாசல்ல இனிமே என் டயர் படாது."

கை நனைக்காமல் கிளம்பிவிட்டார். சொந்தக்காரர்கள் பாதி சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு அவர் பின்னால் ஓடினார்கள். வடையும் பாயசமும் மலைபோல மிஞ்சிக் கிடந்தன.

"நான் சேத்தத்தானே கழுவுனேன்? மச்சானையா கழுவுனேன்?" என்று இவர் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. புரிந்தபோது வெட்கமாகிவிட்டது. வெட்கம் வந்த ஆண்பிள்ளை மன்னிப்புக் கேட்கமாட்டான், கார் கழுவுவான். இவரும் கழுவினார்.

எனக்கும் ரோஷம் உண்டு. என் வீட்டில் சாப்பிடாமல் போன அண்ணன் வந்து கூப்பிடாமல் அந்தத் தோட்டத்து மண்ணை மிதிக்கமாட்டேன் என்று நானும் இருந்துவிட்டேன். அண்ணி கமலவேணி மட்டும் மளிகைக்கடை டெலிபோனில் மாதத்துக்கு ஒருதரம் கூப்பிட்டு, நல்லா இருக்கியா என்று கேட்பார். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு சுடும்போது, இதைத் தின்ன அவர் இல்லையே என்று அடுப்புக்கு முன்னால் அழுதிருக்கிறேன். புகை என்று சொல்லிக்கொள்வேன், கேஸ் அடுப்பில் ஏது புகை.

தொண்ணூற்றொன்றில் தாரணிக்கு மூன்று வயதாயிற்று. ஒற்றைப்படை வயதில் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். வைகாசியில் நாள் குறித்தாகிவிட்டது. மடிதான் இல்லை. உன் பெரியம்மா மகன் வடிவேலு இருக்கிறானே, அவனும் மாமன் முறைதானே என்று இவர் வீட்டுப் பக்கம் சொன்னார்கள்.

"என் அண்ணன் மடி இல்லாம என் மக காதுல ஊசி படாது" என்று சொல்லிவிட்டேன்.

"நீயும் உங்க அண்ணன் மாதிரியே பேசுறலா" என்றார் இவர்.

அந்த வருஷம் பார்த்துத்தான் மலாக்காவில் மழை பொய்த்தது. அணையில் தண்ணீர் வற்றி, குழாயில் காற்று மட்டும் வந்தது. தண்ணீர் லாரி வரும் நாளில் வாளியும் பீப்பாய் மாதிரி தோங்குமாகத் தெருவே வரிசையில் நின்றது. குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கவே போதவில்லை, இதில் காரை யார் கழுவுவது? நம் தாமான் வீரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் போர்ச்சில் கையைக் கட்டிக்கொண்டு தூசி படிந்த கார்களைப் பார்த்தபடி நின்றார்கள். துக்க வீடு மாதிரி இருந்தது.

நவரட்ணம் சார் மட்டும் ஒரு வாளியோடு மோரிஸ் மைனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"தண்ணி ஏது சார்?"

"நான் குளிச்ச தண்ணிதான் தம்பி. சோப்பு ஏற்கெனவே கலந்து கிடக்கு, பாருமன்."

அன்று சாயங்காலம் இவர் காருக்குப் பக்கத்தில் நின்று, எஞ்சின் மூடியின் தூசிமேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்தார்.

"பவானி, உங்க அண்ணன் லயத்து வீட்டுக்குப் பின்னால ஒரு கெணறு இருக்குல்ல? அது வத்தாதுன்னு சொல்லுவியே?"

என் கையில் கரண்டி இருந்தது. நான் திரும்பிய வேகத்தைப் பார்த்து ஓரடி பின்னால் போனார்.

"கோவப்படாத. காதுகுத்துக்கு நானே நேர்ல போயி மச்சான கூப்புடுறேன். அதத்தான் சொல்ல வந்தேன்."

இரண்டு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. கரண்டியோடு என் சபதத்தையும் கீழே வைத்தேன், நானும் வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்படும்போது வெற்றிலைத் தட்டை வைக்கக் காரின் பின்பெட்டியைத் திறந்தால், உள்ளே இரண்டு வாளி, ஸ்பாஞ்சு, ஷாம்பு, பழைய பேப்பர் ஒரு கட்டு.

"இது எதுக்கு?"

"சும்மாதான்லா. போற எடத்துல தேவப்படும்."

தட்டை வாளிக்கு மேலே வைத்தேன்.

தோட்டத்தில் அண்ணன் வீட்டில் இல்லை. வேனுக்கு பெல்ட் அறுந்துவிட்டது, புதிது வாங்க யாரோடோ மோட்டார் சைக்கிளில் ரெம்பியாவுக்குப் போயிருந்தார். அண்ணி தாரணியைத் தூக்கி முகமெல்லாம் முத்தம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "ஏன்டி, இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்று ஒரு பாட்டம் திட்டினார். திட்டு முடிந்ததும் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். அழுது முடித்துவிட்டுப் பார்த்தால் இவரைக் காணோம். கிணற்றடியில் வாளி சத்தம் கேட்டது.

அரைமணி நேரத்தில் சாகா வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. நான் பின்வாசலிலிருந்து பார்த்தேன். இவர் கையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். பார்வை ரம்புத்தான் மரத்தடிக்குப் போயிருந்தது. அங்கே அண்ணனுடைய வேன் நின்றது. கூரையில் இலை, ஜன்னலில் புழுதி, கதவில் காய்ந்த சேறு. அந்தச் சேற்றின்மேல் கோழி ஒன்று கால் வைத்துப் பழகிய அடையாளம்கூட இருந்தது.

"என்னங்க, வேணாம்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "தண்ணியாலதான் பவானி கெட்டுப் போச்சு. மச்சான்கிட்ட நான் வேற எப்படிச் சொல்றது? எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

அதற்குமேல் நான் தடுக்கவில்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பாசத்தை இந்த வயதில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இரண்டு மணி நேரம் கழுவினார். லயத்து ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து குந்தினார்கள். யாரோ தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிறுசுகள் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். தாரணி கிணற்றடிச் சேற்றில் இறங்கிவிட்டாள், அவளை யாரும் கவனிக்கவில்லை. வேனின் வயிற்றுப் பக்கம் முதல் வாளித் தண்ணீர் பட்டுச் சேறு வழிந்ததும் ஒரு பெரிய ஆரவாரம் கிளம்பியது.

"அடேய், நீலம்டா!" என்றார் அப்புசாமி. தினமும் அந்த வேனில் வேலைக்குப் போகிறவர். "நாலு வருஷமா இதுல ஏறி எறங்குறேன். காப்பிக் கலரு வண்டின்னு நெனச்சேன்லா!"

"ஐயோ, கேட்டுக் காவல் ஜாகாவுக்கு இனிமே வண்டி அடையாளம் தெரியாதே, உள்ள விடுவானா?" என்றார் மாரியம்மா அக்கா.

ஒரே சிரிப்பு. இவருக்கும் சிரிப்பு. சட்டை நனைந்து, சிலுவார் நனைந்து, முகமெல்லாம் புழுதி. வெளிப்பக்கம் முடிந்ததும், அரைகுறையாக விடுவது அவர் ஜாதகத்திலேயே இல்லாததால், உள்ளே ஏறினார்.

நான் சமையலறையில் அண்ணிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "உங்க அண்ணன் வந்து பாத்தா மயக்கம் போட்டுடுவாரு" என்று சிரித்த அண்ணி, சட்டென்று நிறுத்தினார். "ஏய், பின் கண்ணாடியை மட்டும் தொட வேணாம்னு சொல்லு. உள்பக்கம்."

"ஏன் அண்ணி?"

"தாரணி கை இருக்குடி. அன்னிக்கு ஓங்க வீட்டுல, சந்தனக் கையோட உள்ள ஒக்காந்து கண்ணாடியப் பிடிச்சிருக்கா. ரெண்டு கையும் அப்படியே காஞ்சு கெடக்கு. யாரையும் தொட விடமாட்டாரு. பின்னால கண்ணாடி பாத்து ஓட்டுறப்ப அதுதான் தெரியுமாம். தெனமும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு, சாய்ஞ்சு ஒக்காராத, என் மருமவ கை அழிஞ்சிரும்னு ஒரே சத்தம்."

வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்று போயிற்று.

பின்கதவு திறந்திருந்தது. இவர் பேப்பரைப் பந்தாகச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம்.

"மஞ்சளா ஏதோ கறை பவானி" என்றார் பெருமையோடு. "லேசுல போவல. நகத்தால சொரண்டித்தான் எடுத்தேன்."

அண்ணி சொன்னதை நான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் கையிலிருந்த பேப்பரைப் பிரித்துப் பார்த்தார். அதில் ஈரமான மஞ்சள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பெரிய மனிதர் ஒருவர் அப்படி முழிப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்குத் திட்டவும் வரவில்லை. இந்தத் தடவையும் கழுவியே கெடுத்துவிட்டாரே, இனிமேல் என் அண்ணன் என் வாசலுக்கு எந்த ஜென்மத்தில் வருவார் என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அப்போது பார்த்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

அண்ணன் பின்னாலிருந்து இறங்கினார். கையில் பெல்ட். வேனைப் பார்த்தார், பார்த்துவிட்டு அக்கம்பக்கம் தன் வேனைத் தேடினார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் வாளியோடு நிற்கிற மாப்பிள்ளையைக் கண்டார். முகத்தில் ஒரு நொடி சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வேனைச் சுற்றி நடந்தார், கதவைத் தடவினார். பின்பக்கம் போனார். கண்ணாடிக்கு முன்னால் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.



"அதையும் கழுவிட்டீங்களா மாப்ள?" குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"மச்சான்..." என்றார் இவர்.

அந்த நேரத்தில்தான் தாரணி கிணற்றடியிலிருந்து வந்தாள். முழங்கை வரைக்கும் செம்மண் சேறு, தலையில்கூட சேறு. அண்ணனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மீசை வைத்த புது ஆள் ஒருவர் தன்னையே பார்ப்பதைக் கண்டு பயந்து, அப்பாவின் காருக்குப் பின்னால் ஒளியப் போனாள். போகிறபோது கால் வழுக்கியது. விழாமல் இருக்க இரண்டு கையையும் நீட்டி ஊன்றினாள். இப்போதுதான் கழுவித் துடைத்துப் பளபளத்த வெள்ளைக் கதவில் பத்து விரலும் சிவப்பாகப் பதிந்தன.

அவளுக்கே தெரிந்துவிட்டது. அப்பாவின் காரை அழுக்குக் கையோடு தொட்டால் என்ன நடக்கும் என்று அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? உதடு பிதுங்க ஆரம்பித்தது. இவர் இரண்டே எட்டில் அவளிடம் போனார்.

போனவர் குனிந்து அவளைத் தூக்கினார். சேறு அவர் சட்டையிலும் கழுத்திலும் அப்பியது. நேராக வேனின் பின்பக்கம் கொண்டுபோய் உள்ளே ஏற்றி உட்காரவைத்தார்.

"வையிம்மா. மாமா வண்டி. கண்ணாடியில நல்லா அழுத்தி வையி."

தாரணி நம்பாமல் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு இந்த அதிர்ஷ்டம் போய்விடுமோ என்கிற அவசரத்தில் இரண்டு கையையும் சப்பென்று கண்ணாடியில் அறைந்தாள். ஒரு தடவை வைத்தால் போதாதென்று மூன்று தடவை. மூக்கையும் வைத்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அண்ணன் தன் உள்ளங்கையை அந்தக் கைக்கு நேராக வைத்துப் பார்த்தார்.

"பெருசாயிருச்சே பவானி" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது. "அந்தக் கை சின்னதுடி. நான் பாட்டுக்கு அதையே பாத்துக்கிட்டு ஓட்டிக்கிட்டிருந்தேன். புள்ள இங்க வளந்துபோய் நிக்குது."

தாரணி உள்ளேயிருந்து கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள். அவர் அழுகை நடுவிலேயே சிரிப்பாக மாறியது. அதன் பிறகு யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. இவர் வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து, நனைந்த சிலுவாரோடு அண்ணன் முன்னால் நீட்டினார். "காதுகுத்துக்கு வரணும் மச்சான். மொத ஆளா வரணும்" என்றார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"வர்றேன் மாப்ள. ஆனா டயர் படாதுன்னு சொன்னது சொன்னதுதான். அன்னிக்கு வீட்டுக்கு வந்து மாரியாத்தா கோயிலுக்கு நேரா நின்னு வேற சொல்லிட்டேன்."

"நடந்து வாங்களேன்" என்றார் அண்ணி, உள்ளேயிருந்து.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இவர் நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை. காற்றில் கதவிலிருக்கிற சேறு உதிர்ந்துவிடும் என்றார். தாமானுக்கு வந்ததும் கதவில் அந்தக் கையோடே கார் நின்றது. துடைக்கிற துணியை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

காதுகுத்து அன்று விடிந்ததுமே இவர் சாகாவைத் தெருவோரமாக நிறுத்திவிட்டு, போர்ச்சைக் காலியாக வைத்துக்கொண்டு கேட்டண்டை நின்றார். ஒன்பது மணிக்கு நீல வேன் ஒன்று வந்தது. எனக்கே ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. அண்ணன் கழுவியிருந்தார்! ஆயுதபூசைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கும்போது, தன் கையால் கழுவியிருந்தார். தோட்டத்துப் பாதைப் புழுதியில் சக்கரங்கள் மட்டும் சிவந்திருந்தன. பின் கண்ணாடியில் செம்மண் கை, மூக்கோடு அப்படியே இருந்தது.

வேன் கேட்டுக்கு வெளியே நின்றது. இவர் முகம் சுருங்கிவிட்டது. "மச்சான், உள்ள..."

அண்ணன் தலையை வெளியே நீட்டினார். "மாப்ள, அன்னிக்கு நான் சொன்னது அந்த நாலு டயர. அப்புசாமி மவனோட லோரி டயர் கடையில நேத்துத்தான் வேற நாலு மாத்துனேன். இதுங்க ஒரு சத்தியமும் பண்ணல. ஏத்தலாமா?"

"ஏத்துங்க!" என்று இவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

என் மகள் தன் மாமன் மடியில் உட்கார்ந்தாள். பத்தர் ஊசியை எடுத்ததும் ஊரே கூடும்படி கத்தினாள். மாமன் மீசையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அவர் வலி தாங்காமல் அவளைவிடப் பெரிதாகக் கத்தினார். இரண்டாவது காதும் முடிந்து வெல்லத்தை அவள் வாயில் போடும்போது, கூரையில் கல் எறிந்த மாதிரி சடசடவென்று ஒரு சத்தம்.

மழை!

எத்தனை மாதமாயிற்று! தாமான் முழுக்க கதவுகள் திறந்தன. வாளி, தோங், அண்டா, சட்டி, கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். மலாய்க்காரப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒன்றாகக் குதித்தார்கள். நவரட்ணம் சார் சட்டையில்லாமல் மழையில் நின்று தலைக்குச் சோப்புப் போட்டார். "பாத்தியா? வருஷத்துல ஒரு தடவ அதிகமா கழுவுனேன், வானமே பொறுக்காம ஊத்துது!" என்று அண்ணன் மார்தட்டினார்.

"உங்க மாப்ள எங்க?" என்று கேட்டார் அண்ணி.

தெருவோரத்தில் நின்றார். ஊரே நனையும்போது, பட்டு வேட்டியோடு தொப்பலாக நனைந்துகொண்டு, கையிலிருந்த ஒரே குடையைத் தலைக்குப் பிடிக்காமல் காரின் கதவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் அதைப் பார்த்தார். படியிறங்கி ஓடினார். "மாப்ள! உள்ள கொண்டாங்க, உள்ள கொண்டாங்க!" என்று கத்திக்கொண்டே வேனில் ஏறி அதைப் பின்னால் எடுத்து மழையில் விட்டார். சாரலில் நனைந்த செம்மண் டயர் நான்கும் பாலேட்டு டைல்ஸில் வளைந்து வளைந்து கோடு போட்டன. அதன்மேல் சாகா ஏறி நின்றது. கதவில் ஒரு கை கரைந்துவிட்டது. இன்னொன்று தப்பித்தது. ரோஷம் இல்லாமல் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சாப்பிட வந்தார்கள். அன்றைக்கு அண்ணன் நான்கு தரம் பாயசம் வாங்கினார், இரண்டு வருஷத்துப் பாக்கி என்றார்.

மறுநாள் ஞாயிறு. பிடித்து வைத்த மழைத்தண்ணீர் வீட்டுக்கு வீடு நிரம்பியிருந்தது. ஏழு மணிக்கெல்லாம் தாமான் வீரர்கள் அரைக்கால் சிலுவாரோடு இறங்கிவிட்டார்கள். நுரை, சிரிப்பு, வாளிச் சத்தம். எங்கள் வீட்டிலும் இரண்டு தோங் நிறையத் தண்ணீர். இவர் வாசல்படியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நவரட்ணம் சார் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். காரின் கதவைப் பார்த்தார், போர்ச் முழுக்கக் காய்ந்து கிடந்த செம்மண் கோடுகளைப் பார்த்தார். மனிதருக்குத் தாங்கவில்லை.

"என்ன தம்பி, சுகமில்லையோ? வாசல் இப்பிடிக் கிடக்கு, கழுவேல்லையோ?"

இவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் சார். மச்சான் வந்துட்டுப் போயிருக்காரு."